தைப்பவர்களுக்குள் பரிசு மாற்றிக்கொள்ளும்போது செலவுக்கு வரம்பு வேண்டுமா?

கேள்வி | செப்டம்பர் 6, 2025

எங்கள் தையல் வகுப்பில் பழகியவர்கள் வருஷா வருஷம் ஆயுத பூஜையை ஒட்டிக் குலுக்கல் போட்டு, கையால் தைத்த பொருளை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறோம். போன வருஷம் நான் லைனிங் கொடுத்து, ஜிப் வைத்து, ஓரமெல்லாம் பைப்பிங் (கயிறு வைத்துத் தைக்கும் உருண்டை விளிம்பு) போட்டு ஒரு பை அனுப்பினேன். எனக்கு வந்தது கடையில் வாங்கிய பர்ஸ். விலைச் சீட்டைக் கிழித்த இடத்தில் பசைகூடப் போகவில்லை. இந்த வருஷம் ஆளுக்கு 300 ரூபாய் என்று வரம்பு வைக்கலாம் என்கிறார்கள். வைத்தால் சரியாகுமா? சேருவதா, வேண்டாமா?

செப்டம்பர் 6, இரவு 9.40

சேருங்கள். ஆனால் 300 ரூபாய் வரம்பால் ஒன்றும் சரியாகாது. என் வீட்டில் கட் பீஸ் மூட்டை கட்டிக் கிடக்கிறது. ஒரு பை தைக்க எனக்கு ஆகிற காசு ஜிப்புக்கும் நூலுக்கும்தான். புதிதாகத் தைக்க ஆரம்பித்தவர் மேல்துணி, லைனிங், துணிக்கு விறைப்புக் கொடுக்கும் ஒட்டுக் கேன்வாஸ் என்று ஒவ்வொன்றாக வாங்கினால் 300 எப்போது தாண்டியது என்றே தெரியாது. வேலைக்கு என்ன கணக்கு? தையலையே தொழிலாக வைத்திருப்பவர் உங்கள் குலுக்கலில் இருந்தால், அவர் பரிசுக்காக உட்காரும் நேரத்தில் ஒரு லைனிங் பிளவுஸ் முடிந்திருக்கும். அவர் கொடுப்பது அந்தக் கூலியையும் சேர்த்துத்தான்.

பணத்தை அளவாக வைத்தால், 300 ரூபாய்க்கு ஒரு பர்ஸ் வாங்கி அனுப்புவதுதான் எல்லாவற்றிலும் சுலபமான வழி. அதைத்தானே தடுக்கப் பார்க்கிறீர்கள்? பொருளை முடிவு செய்யுங்கள். எல்லோரும் ஒரே பொருள், ஏறக்குறைய ஒரே அளவு. "உள்ளங்கையில் அடங்கும் பின் குஷன்" என்று சொல்லிவிட்டால் யாரும் கடைக்கு ஓட மாட்டார்கள்.

செப்டம்பர் 6, இரவு 10.15

ஒன்றைச் சொல்ல விட்டுப்போனது. தைக்கத் தெரியாதவருக்குக் கொடுக்கும் பரிசு வேறு, தைப்பவருக்குக் கொடுப்பது வேறு. என் நாத்தனாரிடம் ஒரு பையைக் கொடுத்தால் "அழகா இருக்கு அண்ணி" என்று தோளில் மாட்டிக்கொண்டு போய்விடுவார். தைப்பவர் முதலில் அதை உள்பக்கமாகத் திருப்புவார். ஓரத்தை நூலால் சுற்றிய ஓவர்லாக்கா, ஓரத்தை உள்ளே மறைத்த ஃப்ரெஞ்ச் தையலா, வெட்டிய ஓரத்தை அப்படியே விட்டிருக்கிறதா, லைனிங்கை எந்த இடத்தில் மூடியிருக்கிறார்கள், அதையும் மெஷினிலா, கையாலா... இதெல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் வெளிப்பக்கத்துப் பூப்போட்ட துணியே கண்ணில் படும்.

எனக்கு இந்த விஷயத்தில் பிடித்ததே அதுதான். யூடியூபில் யாரும் உள்பக்கத்தை நிறுத்தி நிதானமாகக் காட்டுவதில்லை. இன்னொருவர் தையலைக் கையில் வாங்கி, விரித்துப் பார்க்க நமக்கு வேறு எங்கே வாய்ப்பு? பையின் அடிமூலையைப் பெட்டி போலச் சதுரமாக நிறுத்துவதை நான் கற்றுக்கொண்டது, பரிசாக வந்த ஒரு பையைப் பிரித்துப் பார்த்துத்தான். தைத்தவருக்கு இது தெரியாது. திரும்பத் தைத்து வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 8

என்ன பொருள் வைக்கலாம் என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். மெஷின் பக்கத்தில் கிடந்து தினமும் கையில் படுகிற எதுவும் நல்லது: பின் குஷன், ஊசி செருகும் துணிப் புத்தகம், கத்தரி உறை, பாபின் (அடிநூல் சுற்றும் குட்டி உருளை) பை, வெட்டிய நூலைப் போட மேசை ஓரத்தில் தொங்கவிடும் குப்பைப் பை.

பிளவுஸ் வேண்டவே வேண்டாம். அளவு ஜாக்கெட் கொடுத்தே நாலு தடவை ஆல்டர் செய்கிறோம். மெஷின் உறையும் வேண்டாம். கறுப்பு டெய்லர் மாடலுக்குத் தைத்த உறை வெள்ளை ஜிக்ஜாக் மெஷினுக்குப் பொருந்தாது. மாசமாக இருப்பவருக்குக் குட்டிச் சட்டை தைத்து அனுப்புவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தை பிறக்கும் முன் புதுத்துணி எடுக்கக்கூடாது, பிறந்ததும் பழைய வேட்டித் துணியில்தான் சுற்ற வேண்டும் என்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன.

அப்புறம், துணிப்பை. 2021 டிசம்பரில் அரசு "மீண்டும் மஞ்சப்பை" என்று ஆரம்பித்ததிலிருந்து துணிப்பை தைக்காத ஆளே இல்லை. என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு துணிப்பை தொங்குகிறது. அதற்குள் முழுக்கத் துணிப்பைகள்.

செப்டம்பர் 9

திருப்பூர்க்காரர் ஒருவர் கேட்கிறார்: பின் குஷனுக்குள் அடைக்கப் பனியன் வேஸ்ட் போதாதா?

போதும், பொடியாக நறுக்கிப் போட்டால். பெரிய துண்டாக அடைத்தால் உள்ளே முடிச்சு முடிச்சாக நிற்கும், குண்டூசி பாதியில் முட்டும். பாலியஸ்டர் பஞ்சு மலிவு, ஆனால் ஊசியைப் பிடித்து வைக்காது, கொஞ்ச நாளில் அமுங்கியும் போகும். இலவம்பஞ்சு மென்மையானது, ஊசி சுகமாக இறங்கும். ஆனால் கனமே இருக்காது. ஒரு கையால் ஊசியை இழுத்தால் குஷனும் சேர்ந்து கிளம்பி வரும். அதனால் அடியில் கழுவிக் காயவைத்த ஆற்று மணலைச் சின்னப் பொட்டலமாக இரட்டைத் துணியில் தைத்து வையுங்கள், மேலே இலவம்பஞ்சு.

மரத்தூள் பழைய முறை. மர டிப்போவில் கேட்டால் கொடுப்பார்கள். சலித்து, சிலாம்பு எடுத்து, வெயிலில் காயவைத்து, இறுக்கமாக அடைக்க வேண்டும். துணி நெருக்கமான நெசவாக இல்லாவிட்டால் மேசையெல்லாம் தூள்.

என்னைக் கேட்டால் கம்பளிதான் முதல். ஆட்டு ரோமத்தில் இயற்கையாக ஒரு கொழுப்புப் பசை உண்டு, அது ஊசி துருப்பிடிப்பதைத் தள்ளிப்போடும். பருத்தி ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் பஞ்சுக்குள் ஒரு மழைக்காலம் கிடந்த ஊசியை எடுத்துப் பாருங்கள், பழுப்பாக வரும். ஊசிப் புத்தகத்தின் உள்தாளுக்கும் இதே கதைதான். கடையில் ஃபெல்ட் என்று விற்பது பெரும்பாலும் செயற்கை நூல். அதற்குப் பதில் சின்னதாகிப்போன பழைய கம்பளி ஸ்வெட்டர் இருந்தால் வெந்நீரில் நன்றாகக் கசக்குங்கள். சுருங்கித் தடித்துவிடும், வெட்டினாலும் பிரியாது. ஸ்வெட்டர் அசல் கம்பளியாக இருந்தால் மட்டும்.

வெளிநாட்டுப் படங்களில் தக்காளி மாதிரி ஒரு சிவப்புப் பின் குஷன் வருமே, அதிலிருந்து தொங்கும் குட்டி ஸ்ட்ராபெரி அலங்காரத்துக்கு இல்லை. உள்ளே எமரித் தூள், அதாவது சாணைப் பொடி, இருக்கும். மழுங்கிய ஊசியை அதில் சில தடவை குத்தி எடுத்தால் துரு போய் முனை சுத்தமாகும். ஊசியை அதிலேயே விட்டுவைக்கக்கூடாது.

அரிசி, உளுந்து, கம்பு எதுவும் போடாதீர்கள். வண்டு வரும். பரிசைப் பெற்றவர் உங்களை மறக்கவே மாட்டார்.

செப்டம்பர் 9, மாலை

காபிச் சக்கையா? காயவைத்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். முழுசாகக் காயாவிட்டால் பூசணம் பிடிக்கும். எங்கள் வீட்டுச் சக்கையில் சிக்கரியும் கலந்திருக்கும், அதைத் துணிக்குள் அடைக்க எனக்குத் தைரியம் இல்லை.

செப்டம்பர் 12

"கத்தரி, ஊசி எல்லாம் பரிசாகக் கொடுத்தால் உறவு அறுந்துபோகும் என்று மாமியார் சொல்கிறார். கத்தரி உறை மட்டும் கொடுக்கலாமா?"

உறையில் தோஷம் இருக்காது என்று நம்புவோம். விளக்கு வைத்த பிறகு ஊசி கொடுக்க மாட்டேன் என்று என் அம்மாவும் சொல்வார். பக்கத்து வீட்டுக்காரர் பட்டன் அறுந்த சட்டையோடு வாசலில் நின்றாலும் கொடுக்க மாட்டார், சட்டையை வாங்கி அவரே தைத்துக் கொடுப்பார். வெள்ளைக்காரர்களிடமும் இந்த நம்பிக்கை இருக்கிறது. கத்தி, கத்தரி பரிசாக வந்தால் நட்பு அறுபடும் என்று, வாங்குகிறவர் ஒரு காசு திருப்பிக் கொடுத்துவிடுவார். விலைக்கு வாங்கியதாகக் கணக்கு. கத்தரி அனுப்பியே ஆக வேண்டும் என்றால் ஒரு ரூபாய் வாங்கிக்கொள்ளுங்கள், மாமியாரும் சம்மதிப்பார்.

ஜப்பானில் ஊசிக்கென்றே ஒரு நாள் வைத்திருக்கிறார்கள், ஹரி குயோ என்று பெயர். பல இடங்களில் பிப்ரவரி 8, கியோட்டோ பக்கம் டிசம்பர் 8. வருஷம் முழுக்க உடைந்த, வளைந்த ஊசிகளைக் கோவிலுக்கு எடுத்துப்போய் மெத்தென்ற டோஃபுவில் குத்தி வைத்து நன்றி சொல்வார்கள். நாம் ஓடுகிற மெஷினுக்குப் பொட்டு வைக்கிறோம், அவர்கள் ஓய்ந்த ஊசிக்கு மரியாதை செய்கிறார்கள். பனீரில் குத்தலாமா என்று யாரும் கேட்க வேண்டாம்.

செப்டம்பர் 13

"உள்பக்கம் திருப்பிப் பார்ப்பார்கள் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் குலுக்கலிலிருந்து என் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டேன் அக்கா. நான் தைக்க ஆரம்பித்தே ஆறு மாதம்தான்."

இதற்கு உடனே பதில் வரவில்லை எனக்கு. யோசித்துச் சொல்கிறேன். பெயரை எடுக்காதே.

செப்டம்பர் 15

யோசித்தேன். திருப்பிப் பார்ப்பதைக் குறை கண்டுபிடிக்கும் பரீட்சையாகப் படித்தால் பயமாகத்தான் இருக்கும். தையல் வகுப்பில் சாம்பிள் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து டீச்சர் உதட்டைப் பிதுக்கியது நம்மில் நிறைய பேருக்கு ஞாபகம் இருக்கும். ஆனால் பத்து வருஷம் தைத்தவருடைய உள்பக்கத்தைப் பார்த்திருக்கிறாயா தங்கச்சி? நூல் தீர்ந்துபோய் வேறு நிறத்தில் முடித்திருப்பார்கள். ஒட்டுப் போட்ட லைனிங் இருக்கும். பழையவர்கள் எங்கே சோம்பல்படலாம், எங்கே படக்கூடாது என்று தெரிந்துவைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். கைப்பிடி சேரும் இடத்தில் சதுரமும் குறுக்கே பெருக்கல் குறியுமாகத் தைத்திருப்பார்கள், அதில் மட்டும் சமரசம் கிடையாது.

ஆனாலும் குழுவில் புதியவர்கள் நிறைய என்றால், ஜிப் வேண்டாம், லைனிங் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின் குஷனில் உள்பக்கமே தெரியாது!

செப்டம்பர் 16

இந்தக் கேள்வி பதிலை யாரோ கேள்வி கேட்டவருடைய வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டார்கள். கடைப் பர்ஸ் அனுப்பியவரே வந்து எழுதியிருக்கிறார். சுருக்கமாக: அவர் ஒரு ஜிப் பை தைத்திருக்கிறார். ஜிப் அப்பளம் மாதிரி நெளிந்துபோயிருக்கிறது. பிரித்துத் தைத்தும் அதே நெளிவு. அனுப்ப வேண்டிய தேதி வந்துவிட, வெட்கப்பட்டுக் கடைக்குப் போயிருக்கிறார்.

முதலில் நெளிவைத் தீர்ப்போம். ஜிப் நெளிந்தால் பெரும்பாலும் துணி இழுபட்டிருக்கிறது. சாய்வாக வெட்டிய துணி, கேன்வாஸ் ஒட்டாத மெல்லிய துணி, இரண்டும் சுலபமாக இழுபடும். துணியை நேர் இழையில் (நெசவு நூல் ஓடும் திசையில்) வெட்டி, ஜிப் சேரும் ஓரத்தில் மட்டுமாவது ஒட்டுக் கேன்வாஸ் பட்டை கொடுங்கள். ஜிப்பைத் துணியைவிட இரண்டு பக்கமும் ஒரு இஞ்ச் நீளமாக வெட்டினால் ஜிப்பைத் திறந்து மூடும் ரன்னரைப் பையின் எல்லைக்கு வெளியே தள்ளிவிட்டுத் தைக்கலாம், நடுவில் மெஷின் பாதத்தில் இடிக்காது. கையால் பெரிய ஓட்டுத் தையல் போட்டுக்கொள்ளுங்கள், குண்டூசி போதாது. முக்கியமானது இது: ஜிப்பின் இரண்டு பக்கத்தையும் ஒரே முனையிலிருந்து ஆரம்பித்து ஒரே திசையில் தையுங்கள். ஒன்றை மேலிருந்து, மற்றதைக் கீழிருந்து தைத்தால் துணி எதிரெதிராக நகர்ந்து முறுக்கிக்கொள்ளும். தைக்கும்போது பின்னாலிருந்து இழுக்காதீர்கள், மெஷின் தானாகத் தள்ளும். சின்னப் பைக்கு 3ஆம் நம்பர் ஜிப் போதும், 5ஆம் நம்பர் அதற்குக் கனம். கடைசியில் இஸ்திரி, நைலான் ஜிப் என்பதால் சூட்டைக் குறைத்து.

இரண்டாவது, அந்த நெளிந்த பையையே அனுப்பியிருக்கலாம். உள்ளே ஒரு சீட்டு: "ஜிப் நெளிகிறது, ஏன் என்று தெரியவில்லை." பைப்பிங் போடத் தெரிந்த ஆளுக்கு இதற்கு விடை தெரிந்திருக்கும், போன வருஷமே தீர்ந்திருக்கும். மேலே புதியவருக்கு நான் சொன்னதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். ஜிப் வேண்டாம், லைனிங் வேண்டாம் என்று தடை போட வேண்டியதில்லை. சீட்டு வைக்கும் பழக்கத்தைக் கொண்டுவந்தால் போதும்: எது வரவில்லை, எங்கே மாட்டிக்கொண்டேன்.

செப்டம்பர் 18

கேள்வி கேட்டவர் பதில் போட்டிருக்கிறார். வரம்பு கைவிடப்பட்டது, பின் குஷன் என்று முடிவு, சீட்டு கட்டாயம். "இருந்தாலும் பசையைத் துடைத்திருக்கலாம்" என்றும் எழுதியிருக்கிறார். நியாயம்தான்.

செப்டம்பர் 20

தபால் பற்றி. ரிஜிஸ்டர் தபால் என்று கவுன்டரில் கேட்காதீர்கள். அதை ஸ்பீடு போஸ்ட்டோடு இணைக்கிறார்கள். மணல் வைத்த பின் குஷன் கனக்கும், கட்டணம் எடையைப் பொறுத்தது என்பதால் குழு மொத்தமும் ஒரே ஊரில் இருந்தால் நேரில் கொடுத்துவிடுங்கள். ஊசியைத் துணியில் செருகி அப்படியே கவரில் போட வேண்டாம், தீப்பெட்டியிலோ பழைய மாத்திரை டப்பாவிலோ வைத்து ஒட்டுங்கள். தபால் பிரிக்கிறவருக்கும் விரல் இருக்கிறது.

சிட்னிக்கு அனுப்பப் போகிறவருக்கு: உமி, தானியம், விதை அடைத்த எதையும் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்ப வேண்டாம். அவர்களுடைய உயிர்ப்பாதுகாப்புச் சோதனையில் நின்றுவிடும். நியூஜெர்சிக்காரருக்கு அனுப்ப வேண்டியவருக்கு: ஆகஸ்ட் 25 முதல் இந்திய அஞ்சல் அமெரிக்காவுக்குப் பார்சல் எடுப்பதை நிறுத்திவைத்திருக்கிறது, அவர்கள் ஊர்ச் சுங்க விதி மாறியதால். அவருக்கு உரியதைத் தைத்து வையுங்கள், அனுப்புவது பிறகு.

புது மெஷின் வாங்க நினைப்பவர்கள் இரண்டு நாள் பொறுங்கள். 22ஆம் தேதி முதல் தையல் மெஷினுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிறது.

அக்டோபர் 1

மெஷினுக்கு எண்ணெய் விட்டு, பாபின் உட்காரும் ஷட்டிலில் அடைத்திருந்த பஞ்சை எடுத்து, பொட்டு வைத்தாயிற்று. இன்று தைக்கக்கூடாது என்பதால் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன். பார்சல் பிரித்தவர்கள் எழுதுங்கள்.

அக்டோபர் 3

நன்றாகவே போயிருக்கிறது. பெயரை எடுக்கச் சொன்ன தங்கச்சி கடைசியில் அனுப்பியிருக்கிறார், இலவம்பஞ்சும் மணலும் வைத்து. மூடிய இடத்தில் தையல் பல்லைக் காட்டுகிறதாம், சீட்டிலும் அதைத்தான் எழுதியிருக்கிறார். பெற்றவர் ஒளித்தையல் போடுவதைப் படம் எடுத்து அனுப்பிவிட்டார்: இரண்டு மடிப்பு விளிம்புக்கும் உள்ளே ஊசி ஏணிப்படி மாதிரி மாறி மாறிப் போக வேண்டும், கடைசியில் மொத்தமாக இழுத்தால் நூல் மறைந்துவிடும்.

ஒரே ஒரு புகார். அழகான சிவப்புச் சுங்குடித் துணியில் ஊசிப் புத்தகம், உள்ளே வெள்ளை லைனிங். இஸ்திரி போடத் தண்ணீர் தெளித்ததும் லைனிங் ரோஸ் கலராகிவிட்டது. வெட்டுவதற்கு முன் துணியை நனைத்து அலசுங்கள் என்று எத்தனை தடவை சொல்வது? சாயமும் போகும், பருத்தி சுருங்க வேண்டியது அப்போதே சுருங்கிவிடும். வந்த பரிசை அலசிப் பார்க்கிற நிலைமையில் யாரையும் வைக்காதீர்கள்.

அக்டோபர் 5

"வந்த பரிசு எனக்குப் பயன்படவில்லை, இன்னொருவருக்குக் கொடுத்துவிடலாமா?" என்று ஒரு கேள்வி.

நவராத்திரி முடிந்த கையோடு கேட்கிறீர்களே! கொலு வீட்டில் தாம்பூலத்தோடு வருகிற ரவிக்கைத் துணி எத்தனை வீடு சுற்றுகிறது என்று நமக்கெல்லாம் தெரியும். 80 சென்டிமீட்டர், யாருடைய கைக்கும் பொருந்தாது, யாரும் தைப்பதில்லை, மடிப்பு கலையாமல் அடுத்த வீட்டுக்குப் போகும். நாம் கொடுத்ததே அடுத்த வருஷம் நமக்கு வந்தாலும் சிரித்துக்கொண்டு வாங்கி வைப்போம். அதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை, அது மரியாதை சுற்றுகிற சுற்று.

தைத்த பொருளிலும் எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை. குழுவுக்கு உள்ளேயே சுற்றவிடாதீர்கள், அவ்வளவுதான். தைத்தவர் தன் தையலை எந்த வீட்டிலும் அடையாளம் கண்டுபிடித்துவிடுவார்.

அக்டோபர் 16

நேற்று முதல் அமெரிக்காவுக்குத் தபால் மறுபடி எடுக்கிறார்கள். அங்கே கட்ட வேண்டிய சுங்கத்தை இங்கே பதியும்போதே வாங்கிவிடுகிறார்கள் என்பதால் மதிப்பு எழுதும் முன் கவுன்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். நியூஜெர்சிக்காரரின் பின் குஷன் கிளம்பலாம்.

அக்டோபர் 18

தீபாவளித் தையலில் எல்லோரும் மூழ்கியிருப்பீர்கள், அதனால் சுருக்கமாக. பரிசோடு மெஷின் ஊசிப் பாக்கெட் வைத்தவர்கள் கவனிக்க: வீட்டு மெஷின் ஊசியின் தண்டு ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், பவர் மெஷின் ஊசியின் தண்டு முழு உருண்டை. ஒன்று மற்றதில் ஒழுங்காக உட்காராது. பாபினும் அப்படித்தான், பார்க்க ஒன்று போல இருந்தாலும் மெஷினுக்கு மெஷின் உயரம் மாறும். தெரியாவிட்டால் கை ஊசிப் பாக்கெட் வையுங்கள், அது யாருக்கும் ஆகும். பொங்கலுக்குக் கத்தரி உறை என்று பேச்சு அடிபடுகிறது. எட்டு இஞ்சா பத்து இஞ்சா என்பதை இப்போதே முடிவு செய்துவிடுங்கள். மாமியாருக்கு ஒரு ரூபாய் தயாராக இருக்கட்டும்.